போட்டி முடிந்ததும் செய்தி வரும்

கடந்த வியாழக்கிழமை மாலை, ஏழு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதே தேநீரும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தமிழ்ச் செய்தி வரவேண்டிய இடத்தில் பச்சைத் திடலும் வெள்ளைப் பந்தும் வந்தன. திரையின் அடியில் ஓட்ட எண்ணிக்கை ஓடியது, ஒரு வங்கியின் பெயர் ஓடியது, ஒரு சோடாவின் பெயர் ஓடியது. அன்றைய செய்தி எத்தனை மணிக்கு என்ற ஒரு வரி மட்டும் ஓடவில்லை. "இண்டைக்கும் பந்துதானோ?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டார். பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. மைதானத்தில் எழுந்த கூச்சலே அவருக்குப் பதிலாயிற்று.

எந்த அலைவரிசை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அரசினுடையதா தனியாருடையதா என்பதும் வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். நான் சொல்ல வந்தது ஒரு நிறுவனத்தோடு முடிகிற சங்கதி அல்ல.

நான் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், முரசுமோட்டையில் இருப்பவன். 31 ஆண்டுகள் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்து, கடைசியில் ஒரு சிறிய உப தபாலகத்தின் பொறுப்பாளராக ஓய்வுபெற்றேன். கிரிக்கெட்டின் எதிரி அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும், "ஐயாவுக்கு விளையாட்டுப் பிடிக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடிக்கும். எங்கள் வளவில் பூவரசந் தடியை விக்கெட்டாக நட்டு விளையாடிய தலைமுறை எங்களுடையது. செய்தி வேண்டும் என்று கேட்பவன் போட்டி வேண்டாம் என்று சொல்பவன் அல்லன்.

அந்த அரை மணி நேரச் செய்தியில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதைக் கொழும்பில் நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடங்கள் நாடாளுமன்றமும் அமைச்சர்களும். அவை எங்கேயும் கிடைப்பவை. மறுநாள் பத்திரிகையிலும் அவைதான் முதற்பக்கம். அதன் பிறகுதான் வடக்கு, கிழக்குச் செய்திகள் வரத் தொடங்கும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் அதன் முழுக் கொள்ளளவான 36 அடியை நெருங்கிவிட்டதா, சிறுபோகத்துக்கு எந்தெந்த வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விடப் போகிறார்கள், உர மானியம் எந்தக் கிழமை வைப்பிலிடப்படும், முல்லைத்தீவுக் கடலுக்கு இன்றிரவு போகலாமா, முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றி முடித்த காணி எது, நெடுங்கேணியில் யானை யாருடைய தோட்டத்தை உழக்கியது, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் இன்று எந்தத் தாய் பேசினார். இவ்வளவும் கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் அடுக்கப்படும். ஆகவே போட்டி இழுபட்டுவிட்டது என்று செய்தியைக் கைவிடாமல், பெருமனதோடு பத்து நிமிடத்துக்குச் சுருக்கிப் போடுகிறார்களே, அந்த நாட்களிலும் எங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. சுருக்கும் கத்தரி எப்போதும் வாலிலிருந்துதான் தொடங்குகிறது. வன்னி இருப்பது அந்த வாலில்.

2024 நவம்பர் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஃபெங்கல் என்று பெயர் பெற்ற புயலுக்குக் காரணமான தாழமுக்கம் வடக்கையும் கிழக்கையும் நனைத்துத் தள்ளிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இரணைமடுவில் வான்கதவு திறந்தால், கனகராயன் ஆறு வழியாக அந்த நீர் எங்கள் முரசுமோட்டை, கண்டாவளை, ஊரியான் வயல்களைத் தொட்டுக்கொண்டுதான் சுண்டிக்குளத்துக்குப் போகும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் அது எப்படி வந்தது என்பதைக் கண்ட ஊர் இது. அன்று முதல் மழைக்காலத்தில் எவரும் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. அத்தோடு, அந்த வாரத்தில்தான் உயர்தரப் பரீட்சையும் தொடங்கியிருந்தது. மழையால் 27, 28, 29 ஆகிய மூன்று நாட்களுக்கும் பரீட்சையை நிறுத்திவைத்திருந்தார்கள். எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை அந்த முறை பரீட்சை எழுதியவள். மீண்டும் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. தொடங்கினால் வெள்ளத்தைக் கடந்து பரீட்சை நிலையத்துக்கு எப்படிப் போவது என்பதும் தெரியாது.

28 ஆம் திகதி மாலை மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு, தெய்வாதீனமாக, வந்தது. பிள்ளையும் தாயும் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து நின்றார்கள். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். விளையாட்டு. டேர்பனில் இலங்கை அணி தென்னாபிரிக்காவுக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு எல்லா விக்கெட்டையும் பறிகொடுத்த நாள் அது. டெஸ்ட் போட்டிகளில் இலங்கை பெற்ற மிகக் குறைந்த எண்ணிக்கை. 13.5 ஓவர்களில் முடிந்துபோன அந்தத் துயரத்தை மறுபடி மறுபடி போட்டுக் காட்டினார்கள். மார்கோ யான்சன் 13 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட் எடுத்த ஒவ்வொரு பந்தையும் நாங்கள் பார்த்துவிட்டோம். பரீட்சையைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. எட்டேகாலுக்கு மின்சாரம் மறுபடி போயிற்று. அவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிப் போனார்கள்.

"போன் இருக்குத்தானே பெரியப்பா, இந்தக் காலத்தில ரிவியை ஆர் பாக்கினம்?" என்று என் தம்பியின் மகன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். அந்த இரவில் தொலைபேசியில் என்ன வந்தது என்பதையும் அவன் அறிவான். குளக்கட்டு உடையப் போகிறது என்று ஒரு குரல் பதிவு, யார் பேசியது என்று தெரியாமல், வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. இரண்டு குடும்பங்கள் இரவோடு இரவாக உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் போய்விட்டன. கட்டு உடையவில்லை. தொலைபேசி செய்தியைக் கொண்டுவரும், வதந்தியையும் கொண்டுவரும். இரண்டுக்கும் ஒரே மணிதான் அடிக்கும். வாசிப்பவரின் முகம் தெரிய, நீர்ப்பாசனப் பொறியியலாளர் இவ்வாறு தெரிவித்தார் என்று பெயரும் பதவியும் சொல்லி வாசிக்கப்படும் செய்தி வேறு. அது பிழையென்றால் நாளைக்கு அதே முகம் வந்து திருத்தம் சொல்ல வேண்டும். தபாலகத்தில் முத்திரை குத்தியவன் என்பதால் எனக்கு இந்த வேறுபாடு கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் போலும்.

இந்த மோதல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. 1996 மார்ச் 17 ஆம் திகதி, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அப்போது வன்னியில் மின்சாரமும் இல்லை, வானொலிக்குப் போடப் பற்றரியும் இல்லை. அது தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் வானொலி கேட்போம். சுற்றுகிறவனின் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். அன்று என் தம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவுஸ்திரேலியா எடுத்த 241 ஓட்டங்களை இலங்கை துரத்திக்கொண்டிருந்தது. இரவு ஒன்பதேகால் ஆனதும் அப்பா எழுந்து வந்து அலைவரிசையைப் பிபிசி தமிழோசைக்குத் திருப்பிவிட்டார். தம்பி கத்தினான். முந்தைய ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டுப் போரால் இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பங்கள் அப்போது எங்கள் வீட்டில் இருந்தன. அவர்கள் விட்டுவந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதை அறிய அந்த அரை மணி நேரத்தைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

"மட்ச் வெண்டா ஆரும் வந்து சொல்லுவான். இதை ஆரடா வந்து சொல்லுவான்?" என்றார் அப்பா.

தம்பி கோபத்தில் பெடலை விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டான். மிச்ச நேரத்துக்கு நான் சுற்றினேன். போட்டியின் முடிவை நாங்கள் அன்றிரவு கேட்கவில்லை. மறுநாள் காலை பாண் கொண்டுவந்தவர் படலைக்கு வெளியே நின்றபடியே, ஏழு விக்கெட்டால் வெற்றி, அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 என்று விபரமாகச் சொன்னார். அவர் வீட்டில் வானொலிப் பெட்டியே கிடையாது.

இன்னொரு நினைவும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதே 1996 இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே நடந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஏறத்தாழப் பத்து வருடங்கள், கொழும்பின் செய்தி எத்தனை மணிக்கு என்றால் அரை மணி நேரத்தைக் கழித்துக் கணக்குப் பார்த்துத்தான் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அந்தக் காலத்திலும் செய்தியைத் தவறவிட்டதில்லை. வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இன்று எல்லோருக்கும் ஒரே நேரம். செய்தி எப்போது என்பது மட்டும் தெரியாது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால், யாரோ ஒருவர் எங்கள்மீது வஞ்சம் வைத்துச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. இருபது ஓவர் போட்டியில் ஓர் இன்னிங்ஸுக்கு 85 நிமிடங்கள், இடைவேளை 20 நிமிடங்கள், மறுபடி 85 என்பது சர்வதேச விதி. ஏழு மணிக்குத் தொடங்கினால் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பத்து மணி பத்து நிமிடம். மாலைச் செய்திக்கென்று ஒதுக்கிய நேரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. உள்ளூர்ச் செய்திக்கு விளம்பரம் தருபவர் ஒரு நகைக்கடைக்காரரும் ஒரு விதைநெல் வியாபாரியும். போட்டியிலோ ஓவருக்கு ஓவர் விளம்பரம். போட்டியை இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உலகத்தில் ஒரு பழைய பாடம் உண்டு. 1968 நவம்பர் 17 ஆம் திகதி, அமெரிக்காவில் என்பிசி நிறுவனம், நியூயோர்க் ஜெட்ஸுக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கும் இடையிலான அமெரிக்கக் காற்பந்தாட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் இருக்கையில் நாட்டின் பெரும் பகுதிக்கு அதை நிறுத்தி, ஹைடி என்ற சிறுவர் படத்தைப் போட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஓக்லண்ட் இரண்டு முறை புள்ளி எடுத்து 43க்கு 32 என்று வென்றுவிட்டது. நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகமே செயலிழக்கும் அளவுக்கு முறைப்பாடுகள் குவிந்தன. அதன் பிறகு போட்டியை முடியும்வரை காட்டவேண்டும் என்பது அங்கே ஒப்பந்தங்களிலேயே ஏறியது. விளையாட்டுப் பார்ப்பவன் கூச்சல் போடுவான் என்பதை ஒளிபரப்பாளர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள். செய்தி பார்ப்பவனும் கூச்சல் போடுவான் என்பதை அவர்களுக்கு நாங்கள் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனாலும் போட்டி நேரத்தோடு முடிந்த நாட்களுக்கு என்ன சாட்டு? 2023 செப்டெம்பர் 17 ஆம் திகதி கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுக்க, இலங்கை 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றி முடித்துவிட்டது. நூறு ஓவர்களுக்கு ஒதுக்கிய நாள் இருபத்தொன்றரை ஓவர்களில் தீர்ந்தது. தோல்வி வருத்தந்தான், ஆனாலும் ஏழு மணிச் செய்தி தவறாது என்று மனத்தின் ஒரு மூலையில் சிறு ஆறுதல், வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு இருந்தது. வரவில்லை. போட்டிக்கென்று ஒதுக்கிய நேரம் போட்டிக்கே உரியது என்பதுபோல, தோற்றதன் காரணங்களைப் பற்றிய கலந்துரையாடலும் பழைய போட்டி ஒன்றின் பதிவும் ஓடின.

என் அக்காவின் மகள் லண்டனில் இருக்கிறாள். இந்தக் குறையைச் சொன்னபோது, "மாமா, இஞ்சையும் இதே சண்டைதான்" என்று சிரித்தாள். அங்கே பிபிசி ஒன்றில் மாலை ஆறரைக்கு அந்தந்தப் பிராந்தியத்துக்கென்று தனித்தனியான செய்தி உண்டு. விம்பிள்டன் டெனிஸ் நடக்கும் இரண்டு வாரங்களில் ஆட்டம் நீண்டால் செய்தி இரண்டாவது அலைவரிசைக்குத் தள்ளப்படும், அல்லது நேரம் மாறும். உடனே மக்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள். முறைப்பாட்டுக்கென்று படிப்படியான ஒழுங்கு இருக்கிறது. நிறுவனம் முதலில் பதில் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் மேலே போகலாம். அதற்கும் மேலே, 2017 ஏப்ரல் முதல், ஒஃப்கொம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு. ஐரிவி அலைவரிசையின் உரிமத்தில் பிராந்தியச் செய்திக்கு எவ்வளவு நேரம் கொடுக்கவேண்டும் என்பதே எழுதப்பட்டிருக்கிறது. 2021 ஏப்ரலில் இளவரசர் பிலிப் காலமானபோது நிகழ்ச்சிகளை நிறுத்தி அளவுக்கு மீறிச் செய்தி போட்டதாக 109,741 முறைப்பாடுகள் பிபிசிக்குப் போயின. செய்தி கூடிப்போனதற்கு முறைப்பாடு! இங்கே எங்களுக்கு அந்தக் கொடுப்பினை எப்போது வாய்க்குமோ. "பதில் எல்லாம் ஒரே அச்சில்தான் வரும் மாமா, உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம் எண்டு" என்றாள் மருமகள். இருக்கட்டும். அச்சில் வந்தாலும் அது ஒரு பதில்.

நம் நாட்டில் அச்சு ஊடகத்துக்கென்று 2003 முதல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு உண்டு. ஒளிபரப்பை மேற்பார்வை செய்யும் சுயாதீன அமைப்பு இல்லை. அலைவரிசை அரச நிறுவனத்தினுடையதாக இருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கடந்த ஆண்டு எந்தெந்தத் திகதிகளில் தமிழ்ச் செய்தி இடம்மாறியது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தங்கள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தனியார் நிறுவனமென்றால் அந்த வழியும் நிச்சயமில்லை. மிஞ்சுவது தபால்தான். அது எனக்குத் தெரிந்த வேலை.

மூன்று கடிதங்கள் எழுதினேன். போட்டியை நிறுத்தச் சொல்லி எதிலும் கேட்கவில்லை. இன்னிங்ஸ் இடைவேளையின் 20 நிமிடங்களில் பத்து நிமிடத்தைச் செய்திக்குத் தாருங்கள், அந்தப் பத்தில் முதல் ஐந்து வடக்கு கிழக்குக்கு இருக்கட்டும், அதுவும் முடியாதென்றால் செய்தி எத்தனை மணிக்கு என்று திரையின் அடியில் ஒரு வரி ஓடவிடுங்கள் என்பதே என் விண்ணப்பம். முதல் கடிதம் சாதாரணத் தபாலில் போனது, சத்தமில்லை. இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை ஒரு கோணல் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அந்தக் கையெழுத்துத்தான் பதில். நடுவில் ஒருமுறை தொலைபேசியிலும் கூப்பிட்டேன். நான்கு பேரிடம் கைமாறிய பிறகு ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகத் தமிழில் பேசினார். "போட்டி முடிந்ததும் செய்தி வரும் ஐயா" என்றார். அன்று போட்டி பத்தேகாலுக்கு முடிந்தது. அதன் பிறகு ஒரு தொடர்நாடகம் வந்தது. இரவு பன்னிரண்டு மணிக்குச் செய்தி போட்டார்களோ என்னவோ, கமத்துக்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புகிற ஊரில் அதைப் பார்க்க எவரும் விழித்திருக்கவில்லை.

மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. நீளமான உறை, வழவழப்பான தாள், மேலே நிறுவனத்தின் இலச்சினை. மனைவி அதைப் பிரிக்காமல் நான் வரும்வரை மேசையில் வைத்திருந்தார். தங்கள் போட்டியில் கலந்துகொண்டமைக்கு நன்றி தெரிவித்து, என்னுடைய விடை குலுக்கலில் சேர்த்துக்கொள்ளப்பட்டதாகவும், பரிசு பெறுவோரின் விபரம் விரைவில் அறிவிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். என் முறைப்பாட்டில் போட்டி என்ற சொல் பல இடங்களில் வந்ததால், உறைகளைப் பிரித்து அடுக்கியவர் அதை எந்தக் கட்டில் போட்டிருப்பார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நானும் அவசரத்தில் பிழையான பெட்டியில் கடிதம் போட்டவன்தான். அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன்.

மனைவி அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். பரிசு விழுந்தவர்களின் பெயரை எப்போது சொல்வார்கள் என்று கேட்டார். ஏழு மணிச் செய்தியின் முடிவில் வாசிப்பார்கள் என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன்.